பறக்கும் சித்தப்பாவின் இடது கை

கணவரின் பூட்ஸுக்குள் வலி ஸ்பிரே டப்பாவைக் கண்டெடுத்ததிலிருந்து டெய்லரம்மாவுக்குப் பசியும் இல்லை, தூக்கமும் இல்லை. போன வார அத்தியாயத்தில் அந்த டப்பாவும் கையுமாக அவளை நிற்க வைத்துவிட்டு நாமெல்லாம் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். பாவம், அவள் எங்கே போவாள்? டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி வளைய வந்துகொண்டிருக்கிறாள்.

கேட்டால் என்ன பதில் வரும் என்று அவளுக்கு மனப்பாடம். "அதுவா? பூட்ஸ் நாத்தத்துக்கு வாங்கினது" என்பார். சொல்லிவிட்டுச் சிரிப்பார் வேறு. அந்தச் சிரிப்பைப் பார்த்தால் மேலே கேட்க வாய் வராது.

அவர் தொழிலே விழுவதுதான். சினிமாவில் நாயகர் மாடியிலிருந்து குதித்தால், குதிப்பது இவர். எங்கிருந்து விழுந்தாலும் சத்தம் போடாமல் விழுவார் என்பதால் ஸ்டூடியோ முழுக்க அவருக்குப் பஞ்சு என்று பெயர். 'பறக்கும் சித்தப்பா' படத்தில் சித்தப்பா பறந்த பறப்பெல்லாம் பஞ்சு பறந்தது. முகம் மட்டும் நாயகருடையது. படம் ஓடோ ஓடென்று ஓடியது. சும்மா இருப்பார்களா? இப்போது 'மீண்டும் பறக்கும் சித்தப்பா' தயாராகிறது.

சித்தப்பாவின் சட்டையைத் தைப்பவள் டெய்லரம்மா. சித்தப்பாவைக் கம்பியில் கட்டி விஞ்ச் என்ற எந்திரத்தை வைத்து மேலே இழுப்பவன் அவளுடைய தம்பி, பெயர் கப்பி. அக்கா தைக்க, மாமா தொங்க, மச்சான் இழுக்க என்று ஒரு குடும்பமே சேர்ந்து ஒரு சித்தப்பாவைப் பறக்க வைக்கிறது. இதில் ஒரே ஒரு சங்கடம். மாமாவும் மச்சானும் பேசிக்கொள்வதில்லை.

முதல் பாகத்தின் வெற்றி விழாவில் யாரோ கப்பியின் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆளா அவன்?

"எங்க மாமா என்னத்தைப் பறந்தாரு? கொடியில காயப் போட்ட துணி மாதிரி தொங்கினாரு. பறக்க வெச்சது நானாக்கும்!"

மண்டபமே சிரித்தது. பஞ்சுவும் சிரித்தார். சிரித்தபடியே வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றியதோடு மச்சானோடு பேச்சையும் கழற்றிப் போட்டுவிட்டார். அதற்கப்புறம் ஒரே வீட்டில், ஒரே மேஜையில், எதிரும் புதிருமாக உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்கள். இன்று காலையும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

"உன் தம்பிகிட்ட சொல்லு, வண்டியைக் கொஞ்சம் பார்த்து ஓட்டச் சொல்லு. நேத்து ஓட்டின ஓட்டத்துக்குக் கம்பியில தொங்கறதே தேவலாம்" என்றார் பஞ்சு, ரொட்டியைப் பார்த்துக்கொண்டு.

"அக்கா, உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு, பிடிக்கலைன்னா பறந்து வரச் சொல்லு" என்றான் கப்பி, டீயைப் பார்த்துக்கொண்டு.

"நான் என்ன தபால்காரியா? ரெண்டு பேருக்கும் காது கேக்குதுல்ல?" என்று தட்டைத் தடாலென்று வைத்தாள் டெய்லரம்மா.

இருவருக்கும் காது நன்றாகவே கேட்டது. கப்பி டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு வண்டியை எடுக்கக் கீழே போனான்.

அவன் காலடிச் சத்தம் ஓயும் வரை காத்திருந்த பஞ்சு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இந்தா, ஒரு விஷயம். விளையாட்டில்ல. உன் தம்பிகிட்ட கண்டிப்பா சொல்லணும்."

விஷயம் இதுதான். படப்பிடிப்பில் பெரிய பெரிய காற்றாடிகள் ஓடும்போது மேலே தொங்குகிறவர் கத்தினாலும் கீழே கேட்காது. சைகைதான் பேச்சு. தலைக்கு மேலே இரண்டு முஷ்டியையும் குறுக்கே வைத்தால் 'நிறுத்து' என்று அர்த்தம். முதல் பாகம் முழுக்க அதுதான் சைகை. நேற்று ஒத்திகையில் பெல்ட் இடுப்பைக் கவ்விவிட, பஞ்சு அதே மாதிரி கையைக் குறுக்கே வைத்தார். அதைப் பார்த்து டைரக்டர் நாற்காலியை விட்டு விழாத குறை. "ஐயோ, இது பிரமாதம்! சித்தப்பா மேலே மாட்டிக்கிட்டு 'என்னை விட்டுடுங்கடா'ன்னு கும்பிடற மாதிரியே இருக்கு! ஷாட்ல வெச்சுக்கறோம்!"

ஆக, உயிரைக் காப்பாற்றுகிற சைகை காமெடியாகிவிட்டது. சண்டை மாஸ்டர் பஞ்சுவைத் தனியே கூப்பிட்டு, இனிமேல் தலையில் தட்டினால் நிறுத்தணும் என்று புதுச் சைகை ஒன்றை வைத்தார். "மச்சானுக்கு நீங்களே சொல்லிடுங்க, வீட்டு ஆளுதானே" என்று சொல்லிவிட்டு வேறு படத்துக்குப் பறந்துவிட்டார். வீட்டு ஆளாம்! அந்த வீட்டுக் கதை மாஸ்டருக்கு எங்கே தெரியும்?

"வலது கையால தலையில தட்டினா நிறுத்தணும். அவன்கிட்ட சொல்லிடு" என்றார் பஞ்சு.

"நீங்களே சொன்னா வாயிலேர்ந்து முத்து உதிர்ந்துடுமா?"

"உதிரும்."

"நல்லா இருக்கு உங்க ரோஷம்!" என்று முணுமுணுத்தாள். ஆனாலும் வண்டியில் ஏறியதும் முதல் வேலையாகத் தம்பியிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் படி இறங்கினாள். சொல்லியிருப்பாள். வண்டியில் ஏறின பஞ்சு, இடது பக்கக் கதவைச் சாத்த வலது கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுவந்தார். இடது கை மடியிலேயே கிடந்தது. அதை அவள் பார்த்துவிட்டாள். அவ்வளவுதான். சைகையாவது ஒன்றாவது, வழி நெடுக அவள் கண் அந்தக் கையை விட்டு நகரவில்லை.

உடை அறையில் சித்தப்பாவின் சட்டை மாட்டியிருந்தது. மஞ்சள் உடம்பு, சிவப்புக் கை, முதுகில் கம்பி நுழைய இரண்டு ஓட்டை. இரண்டாம் பாகத்தில் சித்தப்பாவுக்குத் தொப்பை விழுந்துவிடுகிறது, பறக்க முடியாமல் தடுமாறுகிறார், அதுதான் கதை. பஞ்சுவுக்குக் கொஞ்சம் தொப்பை ஏற்கெனவே இருந்தது. மீதியை டெய்லரம்மா ஸ்பாஞ்சில் தைத்திருந்தாள்.

வலது கை சட்டைக்குள் சுலபமாகப் போனது. இடது கைக்கு வந்தபோது பஞ்சு வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்து, குடையை உறைக்குள் நுழைப்பது மாதிரி நுழைத்தார்.

"கையைத் தூக்குங்க" என்றாள்.

"எதுக்கு?"

"அக்குள்ல தையல் பார்க்கணும்."

"தையலெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"அதை நான் பார்த்துச் சொல்றேன். தூக்குங்க."

கை தோள் வரை வந்து நின்றது. மேலுதட்டில் வியர்வை பூத்தது. பஞ்சு அதை அப்படியே ஒரு சல்யூட்டாக மாற்றி, "போதுமா மேடம்?" என்று சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. "பூட்ஸுக்குள்ள டப்பாவைப் பார்த்துட்டேன். எவ்வளவு நாளா இப்படி?"

சிரிப்பு மெதுவாக இறங்கியது. "முதல் பாகத்துல அந்த மாடியிலேர்ந்து தண்ணித் தொட்டியில விழுந்தேன்ல…"

"அப்போலேர்ந்தா! அடப்பாவி மனுஷா! டாக்டரைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். தோளுக்கு ஓய்வு குடு, தொங்கற வேலை எதுவும் வேணாம்னாரு. தொங்கறதுதான் பொழப்புன்னு அவருக்கு எப்படிச் சொல்றது?"

"அப்போ இன்னைக்கு வேணாம். நான் போய் டைரக்டர்கிட்ட சொல்றேன்."

பஞ்சு சட்டென்று அவள் கையைப் பிடித்தார். "வெளியில ஸ்பிரிங் நிக்கிறான், பார்த்தியா?"

பார்த்திருந்தாள். வராந்தாவில் ஒல்லியாக ஒருவன் ஒரு காலைத் தூக்கிச் சுவரில் வைத்து, உடம்பை வளைத்துக்கொண்டிருந்தான். மாற்று ஆள் என்று போன வாரம் வந்து சேர்ந்தவன். இதுவரை ஒரு ஷாட் கிடைக்கவில்லை, ஆனால் தினமும் வந்து வளைகிறான்.

"நான் ஒரே ஒரு தடவை முடியாதுன்னு சொன்னா போதும். நாளையிலேர்ந்து சித்தப்பா அவன்தான். அப்புறம் யாரும் என்னைக் கூப்பிட மாட்டாங்க. எனக்கு வேற என்ன தெரியும் சொல்லு? விழ மட்டும்தான் தெரியும்" என்றார். "இந்த ஒரு ஷாட். முடிச்சதும் நேரா டாக்டர்கிட்ட போறேன். சத்தியமா."

"அண்ணே, ஷாட் ரெடி!" என்று உதவி இயக்குநர் பெண் கதவைத் தட்டினாள்.

டெய்லரம்மா அப்போதே முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் முகம் அதைத்தான் சொன்னது. ஆனால் இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவரின் கண்ணில் அப்படி ஒரு கெஞ்சலைப் பார்த்தால் யாருக்கு வாய் வரும்? பல்லைக் கடித்துக்கொண்டு முதுகு ஜிப்பை ஏற்றிவிட்டாள்.

அரங்கத்தில் பொய்யான மணிக்கூண்டு ஒன்று கூரையை முட்டிக்கொண்டு நின்றது. பின்னால் பச்சைத் துணி, கீழே மெத்தைகள், மேலே இரும்பு உத்திரம். ஒரு மூலையில் விஞ்சின் கைப்பிடியைப் பிடித்தபடி கப்பி. பேச்சு இல்லாவிட்டால் என்ன, வேலை என்று வந்துவிட்டால் அவன் கண் மாமாவை விட்டு இம்மி நகராது.

"சித்தப்பா பறக்கப் பார்க்கறாரு, தொப்பை விடல. நீந்தறாரு, உதைக்கறாரு, கையைக் குறுக்கே வெச்சுக் கெஞ்சறாரு. அப்படியே மேலே போய் உத்திரத்தை இடது கையால தள்ளிட்டுத் திரும்பறாரு. சண்டையும் இருக்கணும், சிரிப்பும் வரணும்!" என்று டைரக்டர் விளக்கிவிட்டு, கப்பியைப் பார்த்து, "குறுக்குக் கை போட்டா நிறுத்திடாதப்பா, அது காமெடி" என்றார்.

கப்பி தலையாட்டினான்.

காற்றாடிகள் உறுமத் தொடங்கின. பஞ்சு மேலே எழும்பினார்.

நன்றாகத்தான் இருந்தது. சொல்லப் போனால் பிரமாதமாக இருந்தது. ஸ்பாஞ்சுத் தொப்பை ஒரு பக்கம் இழுக்க, கால் இரண்டும் சைக்கிள் மிதிக்க, பஞ்சு காற்றில் தவளை நீச்சல் அடித்தார். விளக்குப் பிடித்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். டெய்லரம்மாவுக்கு மட்டும் அந்த நீச்சல் கண்ணில் படவில்லை. தோள், தோள், தோள் என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஞ்சு இரண்டு முஷ்டியையும் தலைக்கு மேலே கொண்டுபோனார். இடது கை வர மறுத்தது. அவர் உடம்பையே ஒரு உதறு உதறி அதை மேலே வீசினார். முஷ்டிகள் குறுக்கே சேர்ந்தன. அரங்கம் கொல்லென்று சிரித்தது.

அப்புறம் இடது கை பொத்தென்று விழுந்தது. விழுந்து, தோளிலிருந்து ஈரத் துண்டு மாதிரி தொங்கியது.

கம்பி இழுத்துக்கொண்டே இருந்தது. உத்திரம் கிட்டே வந்துகொண்டிருந்தது. அதைத் தள்ளிவிட வேண்டிய கைதான் தொங்குகிறது. பஞ்சு வலது கையைத் தூக்கித் தலையில் தட்டினார். ஒரு தட்டு, இரண்டு தட்டு, அப்புறம் படபடவென்று.

சிரிப்பு இரட்டிப்பாயிற்று. டைரக்டர் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். மூலையில் கப்பியும் சிரித்துக்கொண்டேதான் கைப்பிடியை அழுத்திக்கொண்டிருந்தான்.

எதற்காக இப்படித் தட்டுகிறார் என்று டெய்லரம்மாவும் ஒரு கணம் முழித்தாள். அடுத்த கணம் காலை மேஜையும் ரொட்டியும் அவர் தாழ்த்திய குரலும் ஒரே வீச்சில் வந்து மண்டையில் இறங்கின.

"ஐயோ! நான் சொல்லவே இல்லையே!"

ஓடினாள். கேமராவுக்கு முன்னால் ஓடினாள், கேபிள் தடுக்கி விழுந்தாள், எழுந்து மறுபடி ஓடினாள். "நிறுத்துடா! நிறுத்துடா!" என்று அவள் கத்திய கத்தல் காற்றாடி இரைச்சலில் அவளுக்கே கேட்கவில்லை. தம்பியின் கையைப் பிடித்துக் கைப்பிடியிலிருந்து பிய்த்து எடுத்தாள்.

விஞ்ச் நின்றது. பஞ்சுவின் தலைக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு சாண் இருந்தால் அதிகம். நின்ற பிறகும் அவர் தலையில் தட்டிக்கொண்டேயிருந்தார்.

காற்றாடிகள் ஓய்ந்ததும் டைரக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "அந்தம்மா எதுக்கு நடுவுல ஓடி வந்தாங்க? சரி போகட்டும். இன்னொரு டேக் போயிடலாம். பஞ்சு, அந்தத் தலையில தட்டினீங்க பாருங்க, ஐயோ, அதையும் வெச்சுக்கறோம்!"

மெத்தையில் இறக்கப்பட்ட பஞ்சு எழுந்து நின்று, வெளிறிய முகத்தோடு, "ரெடி சார்" என்றார்.

"சட்டை கிழிஞ்சிருக்கு சார், தைச்சுக் குடுத்துடறேன்" என்று பொய் சொல்லி, அவரை உடை அறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள் டெய்லரம்மா. கப்பி பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினான்.

"என்னக்கா ஆச்சு? யாருக்கு என்ன?"

அவள் தையல் மெஷினைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "தலையில தட்டினா நிறுத்தணும்டா. அதுதான் புதுச் சைகை. காலையில உன்கிட்ட சொல்லச் சொன்னாரு. நான்… நான் மறந்துட்டேன்டா." சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கப்பியின் முகத்தில் ஈயாடவில்லை. "நான் சிரிச்சுக்கிட்டே இழுத்தேன்க்கா" என்றான். "மாமா தலையில தட்டறாரு, நான் பல்லைக் காட்டிக்கிட்டு இழுக்கறேன்." அப்புறம் திரும்பினான். எவ்வளவோ காலத்துக்கு அப்புறம் நேருக்கு நேராக. "மாமா, அதை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? என்னை நாலு அறை அறைஞ்சுட்டாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

பஞ்சு தன் ஸ்பாஞ்சுத் தொப்பையைப் பார்த்தார். "நீ என்னைக் கொடித்துணின்னு சொன்னே" என்றார், சின்னப் பிள்ளை மாதிரி.

"தப்புதான் மாமா. புத்தி கெட்டுப் போய்ச் சொன்னேன். குறுக்குக் கை இல்லைன்னா வேற என்னன்னு நானாவது வந்து கேட்டிருக்கணும். உங்ககிட்டப் போய் எப்படிக் கேக்கறதுன்னு வீம்பு."

"எனக்கு மட்டும் வீம்பு இல்லையா? நாம ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டு இவளை நடுவுல ஓட விட்டோம்." பஞ்சு மனைவியைப் பார்த்தார். "நீ அழாத. உன்மேல ஒரு தப்பும் இல்ல."

"அதெல்லாம் அப்புறம். முதல்ல கையைக் காட்டுங்க" என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, ஜிப்பை இறக்கி, சட்டையை மெதுவாக உரித்தாள். இடது தோள் ஒரு பக்கமாகப் புடைத்திருந்தது. "தூக்குங்க பார்ப்போம்."

பஞ்சு முயன்றார். கழுத்து நரம்பு புடைத்ததே தவிர, கை அசையவில்லை. விரலை மடக்கப் பார்த்தார். கட்டை விரல் மட்டும் லேசாக ஆடியது.

"வலி இருந்தாக்கூடப் பரவாயில்ல" என்றார். "வலியே தெரியல. கை இருக்கற மாதிரியே இல்ல. எனக்குப் பயமா இருக்கு."

எத்தனை மாடியிலிருந்து விழுந்திருப்பார், எத்தனை கண்ணாடியை உடைத்துக்கொண்டு பாய்ந்திருப்பார்! அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து இருவரும் கேட்டதே இல்லை. கப்பி தடுமாறிப்போய் மாமாவின் அந்தக் கையை இரண்டு கையாலும் எடுத்து வைத்துக்கொண்டான்.

"நான் இழுக்க மாட்டேன் மாமா. தலைகீழா நின்னாலும் இழுக்க மாட்டேன். வண்டியை எடுக்கறேன், இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

"நீ இழுக்கலைன்னா வேற எவனாவது இழுப்பான்டா."

"நீங்க ஏறினாத்தானே இழுப்பான்!" என்றாள் டெய்லரம்மா.

கதவு தட்டப்பட்டது. "அண்ணே, தைச்சாச்சா? ரெடியான்னு சார் கேக்கறாரு" என்றது உதவி இயக்குநர் பெண்ணின் குரல்.

பதில் பஞ்சுதான் சொல்ல வேண்டும் என்று அக்காவுக்கும் தெரியும், தம்பிக்கும் தெரியும்.

"ரெடி இல்லம்மா" என்றார். "என்னால முடியாதுன்னு சொல்லிடு."

வெளியே காலடி போனது, அவசரமாகத் திரும்பி வந்தது.

"அக்கா, ஒண்ணும் நினைச்சுக்காதீங்க. அப்போ ஸ்பிரிங்கை வெச்சு எடுத்துடலாம்னு சார் சொல்றாரு. அந்தச் சட்டையை அவருக்குப் போட்டுப் பார்த்து அளவு சரி பண்ணணுமாம். எடுத்துக்கிட்டு வர்றீங்களா?"

டெய்லரம்மா கணவரைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை.

"போ" என்றார் சாதாரணமாக. "அவன் தோள் ஒல்லி. உள்ளே பிடிச்சுத் தைக்கணும், இல்லைன்னா கம்பி ஓட்டை இறங்கிடும்."

"சரிங்க" என்று அவள் தையல் மெஷின் மேல் கிடந்த சட்டையை எடுத்தாள். சட்டை வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தாள். அப்போதும் வரவில்லை.

அதன் ஒரு முனையைப் பஞ்சுவின் வலது கை பிடித்துக்கொண்டிருந்தது. "போ, போ, அவங்க காத்துக்கிட்டிருக்காங்க" என்று அவர் சொல்லிக்கொண்டேயிருந்தார். கை மட்டும் விடவேயில்லை.